டவர் மேல் பழியைப் போட்ட பட்சிராஜன்

பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கி ஹாஸ்டலுக்கு நடக்கிற கும்பலில் யாரையாவது நிறுத்தி, "சிட்டுக்குருவி ஏம்பா காணாமப் போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். கையில் புது போனை வைத்துக்கொண்டே "செல்போன் டவர்தான்" என்று பதில் வரும். ப்ராசசர், ரேம், கேமரா சென்சார் என்று அரை மணி நேரம் அலசக்கூடிய ஆசாமிகள்தான் எல்லோரும். ஆனால் அந்தப் போனின் அலை ஒரு பறவையை என்ன செய்யும் என்ற கேள்விக்கு மட்டும் அவர்களிடம் உள்ள ஆதாரம் ஒரு சினிமா. 2018 நவம்பர் 29-ல் வந்த ஷங்கரின் 2.0.

"படம்தானே பாஸ், லாஜிக் பார்க்கலாமா?" என்பார்கள். பார்க்க வேண்டாம், சரி. 2010-ல் எந்திரன் பார்த்துவிட்டு வந்த யாரும் வீட்டு வாஷிங் மெஷின் காதலிக்கும் என்று பயப்படவில்லை. சிட்டி கற்பனை என்பது சிட்டியைப் பார்த்தாலே தெரியும். 2.0 அப்படி இல்லை. பறக்கும் போன், ராட்சதப் பறவை எல்லாம் கற்பனை. ஆனால் "பறவைகளைக் கொல்வது செல்போன் கதிர்வீச்சு" என்பதை மட்டும் நிஜம் என்று சொல்லி, பட்சிராஜன் வாயால் கிளாஸ் எடுக்கிறது. கிளாஸ் எடுத்தால் பரீட்சையும் வைக்கத்தான் செய்வார்கள்.

முதலில் குருவி. பிரிட்டனில் சிட்டுக்குருவி குறைய ஆரம்பித்தது 1970-களின் பிற்பகுதியில். அங்கே செல்போன் சேவை வந்தது 1985-ல். கொலை நடந்தபோது குற்றவாளி பிறக்கவே இல்லை :-) இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல். நாடு முழுக்க பறவை பார்ப்பவர்கள் சேர்த்த பதிவுகளை வைத்து 2020-ல் வந்த 'ஸ்டேட் ஆஃப் இந்தியாஸ் பேர்ட்ஸ்' அறிக்கை, கடந்த 25 வருஷத்தில் குருவி மொத்தத்தில் பெரிதாகக் குறையவில்லை என்றது. குறைந்தது சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான். குஞ்சுக்குக் கொடுக்கப் புழு பூச்சி இல்லை, கூடு கட்ட ஓட்டு இடுக்கு இல்லை என்பதெல்லாம் சந்தேகப் பட்டியலில் முன்னால் நிற்கின்றன. டவருக்கு சரியான ஆதாரம் இல்லை.

டவர் பரம சாது என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்து ஒலிபரப்பு, தகவல் தொடர்பு டவர்களால் வருஷத்துக்கு சுமார் 68 லட்சம் பறவைகள் சாவதாக 2012-ல் ஒரு மதிப்பீடு வந்தது. எப்படித் தெரியுமா? இரவில் வலசை போகும் பறவைகள் டவர் உச்சியில் அணையாமல் எரியும் சிவப்பு விளக்கைச் சுற்றிச் சுற்றி, இழுத்துக் கட்டிய கம்பிகளில் மோதிச் சாகின்றன. விளக்கை விட்டு விட்டு எரிகிற மாதிரி மாற்றினாலே சாவு பாதிக்கு மேல் குறைகிறது. பறவையின் காந்தத் திசையறிவை மின்காந்த இரைச்சல் குழப்பும் என்று 2014-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் ஆய்வாளர்கள் காட்டியதும் உண்மை. ஆனால் குழப்பியது ஏ.எம். ரேடியோவை ஒட்டிய அலைவரிசை. செல்போன் அலைவரிசை அதைவிடப் பல நூறு மடங்கு மேலே. நிஜம் இவ்வளவு சுவாரசியமாக இருக்க, நம்ம படத்துக்கு 'ஆரா'வும் நெகட்டிவ் எனர்ஜியும் தேவைப்பட்டது.

சரி, மேட்டருக்கு வருவோம். வசீகரன் அந்த சக்தியைத் தேடி எந்த ஊருக்குப் போகிறார்? திருக்கழுக்குன்றம்! பொத்தேரியிலிருந்து அஞ்சாவது ஸ்டேஷன் செங்கல்பட்டு, அங்கிருந்து பஸ். பேரிலேயே கழுகு உள்ள ஊர். வேதகிரீஸ்வரர் மலையில் தினமும் உச்சி வேளையில் இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் வந்து குருக்கள் கையால் பொங்கல் சாப்பிட்டுப் போகும். காசியிலிருந்து வருகிற முனிவர்கள் என்று ஊர் நம்பியது, தலைமுறை தலைமுறையாகக் கூட்டம் கூடிப் பார்த்தது. 1990-களில் அந்த வரவு நின்றுபோனது.

அதே 1990-களில் நாடு முழுக்கப் பாறுகள் செத்துக்கொண்டிருந்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் அழிந்தது. ஆயிரத்துக்கு ஒன்று மிச்சம். திருக்கழுக்குன்றத்துக்கு வந்த மஞ்சள்முக இனமும் நாட்டில் கடுமையாகச் சரிந்தது. செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்பெல்லாம் வெள்ளையாக யூரிக் அமிலப் படிவு, சிறுநீரகம் காலி. வைரஸா? இல்லை. பூச்சிமருந்தா? இல்லை. கடைசியில் பாகிஸ்தானில் வேலை செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழு 2004-ல் விடையை 'நேச்சர்' இதழில் வெளியிட்டது: டைக்ளோஃபெனாக். மாட்டுக்குப் போடும் வலி ஊசி. மாடு செத்தால் உடம்பில் மருந்து மிச்சம் இருக்கும், அதைத் தின்ற பாறு சில நாளில் காலி.

கதை அங்கேயும் முடியவில்லை. பாறு போனதும் செத்த மாடுகள் வெட்டவெளியில் அழுகின, தண்ணீர் கெட்டது, தெருநாய் பெருகியது, கூடவே வெறிநாய்க்கடி. 2000-லிருந்து 2005 வரை இதனால் கூடுதலாகச் செத்த மனிதர்கள் சுமார் 5 லட்சம் என்று 2024-ல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு கணக்கிட்டது. பறவை போனால் மனிதனும் போவான் என்று சொல்லத்தானே பட்சிராஜன் அத்தனை போனைப் பறக்கவிட்டார்? நிரூபணம் அவர் நின்ற மலையிலேயே இருந்தது. கேமராவைத் திருப்பத்தான் ஆள் இல்லை.

எந்திரன் வசனத்தில் சுஜாதா இருந்தார், 2.0 எடுக்கும்போது அவர் இல்லை. (படத்தில் வரும் ரோபோ பேர் நிலா. என் இனிய இயந்திரா நாயகி பேரும் அதுதான். பேர் மட்டும் வந்து என்ன புண்ணியம்!)

படம் வருமுன் செல்போன் கம்பெனிகளின் சங்கம் சென்சார் போர்டிடம் புகார் கொடுத்தது, அறிவியலுக்கு விரோதம் என்று. அவர்களுக்கு அறிவியல் மேல் திடீர் காதல் வந்த காரணம் எல்லோருக்கும் தெரியும். தடை கேட்பது இதற்கு பதில் ஆகாது. ஆனால் "டவர்தான் காரணம்" என்று ஊரே நம்பிவிட்டால் குளிரக் குளிர இருப்பது மருந்து விற்பவனும் ஏரியில் பிளாட் போடுகிறவனும்தான். பள்ளிக்கரணை சதுப்பில் குப்பை கொட்டியதும் கட்டடம் எழுப்பியதும் எந்த சிக்னலும் இல்லை. பெருங்குடி குப்பைமேடு 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்து புகைந்ததே, அதுவும் நெகட்டிவ் எனர்ஜியா?

மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் கூடாது என்று 2006-ல் தடை வந்தது. உடனே மனிதருக்கான 30 மில்லி பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட ஆரம்பித்தார்கள். 2015-ல் பெரிய குப்பிக்கும் தடை. 3 மில்லி மட்டும் விற்கலாம். அதை எதிர்த்து மருந்துக் கம்பெனிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. 2017-ல் கோர்ட் தடை செல்லும் என்றது. தீர்ப்பு வந்த அடுத்த வருஷம் அதே சென்னையில் 2.0 ரிலீஸ் ஆனது. படத்தில் ஒரு ஊசி கூட வராது.