கை நிறைய சம்பளம்... ஆனாலும் வேலை ஏன் கசக்குது? 'பர்ன்அவுட்' பற்றி தெரிஞ்சுக்க வேண்டியவை

இரவு 9 மணி. சாப்பிட உட்காரும்போது 'டிங்'னு ஒரு சத்தம். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப். ஒரு கை தட்டில், இன்னொரு கை போனில். நல்ல சம்பளம் வாங்கும் பலருக்கும் இது தினசரி காட்சி. வேலை மீதான திருப்தி கரைய ஆரம்பிப்பதும் இங்கேதான்.

70 மணி நேரமா, 90 மணி நேரமா?

இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னு 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னார். 90 மணி நேர வேலை குறித்து எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் பேசிய வீடியோ 2025 ஜனவரியில் வைரலானது.

ஆனால் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு வேற கணக்கு சொல்லுது. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35% அதிகம். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17% அதிகம்.

பர்ன்அவுட் என்றால் என்ன?

நீண்ட நாள் வேலை அழுத்தத்தைச் சரியாகக் கையாளாமல் விட்டால் வருவதுதான் பர்ன்அவுட். இது நோய் அல்ல, வேலை சார்ந்த பிரச்சினை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறிகள் மூன்று:

* தீராத சோர்வு
* வேலை மேல் ஒட்டுதல் இல்லாமல் போவது, வெறுப்பு
* 'என்னால எதையும் உருப்படியா செய்ய முடியல' என்ற எண்ணம்

வேலை அதிகம் என்பதுதான் காரணமா?

அது மட்டும் இல்லை. வேலைச்சுமை அதிகமாகவும், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் அழுத்தம் எகிறும் என்று 1979-லேயே விளக்கினார் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக். அதே சுமை, ஆனால் முடிவு நம்ம கையில் என்றால், வேலை சவாலாகத் தெரியும். இன்கிரிமென்ட் வந்தும் சிலருக்கு மனசு நிறையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் என்ன சொல்லுது?

வேலை நேரம் முடிந்த பிறகு ஆபீஸ் போனை எடுக்காமல் இருக்கும் உரிமை பிரான்ஸில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் சட்டத்தில் இருக்கு. இந்தியாவில் இதற்காக எம்.பி. சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அது சட்டமாகவில்லை.

அதனால், ஆபீஸில் மாதம் ஒரு யோகா வகுப்பு நடத்தினால் மட்டும் போதாது. எந்த மெசேஜுக்கு உடனே பதில் வேணும், எது காலை வரை காத்திருக்கலாம் என்பதை நிர்வாகமே தெளிவாகச் சொல்லணும்.

ஞாயிறு ராத்திரியே திங்கட்கிழமையை நினைச்சு வயிற்றைக் கலக்குதா? மனசு விட்டுப் பேச, மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது.