தொட்டியைக் கழுவி என்ன பயன்?

கடல்மீன் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களுக்கு ஒரு பாடம் நல்லாத் தெரியும்: பொஸ்பேட் கூடினால் கண்ணாடியெல்லாம் பாசி. தண்ணியை மாத்தினா மட்டும் போதாது. கல்லும் மணலும் பிடிச்சு வச்ச பொஸ்பேட்டைத் திரும்பக் கக்கும். முதலில் போடுற தீனியைக் குறைக்கணும்.

நம்ம நுவரெலியா கிரகரி வாவியும் அப்படியொரு தொட்டிதான். 1873இல், ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் கட்டியது. மரக்கறித் தோட்டத்தில் போடும் உரத்தின் பொஸ்பேட் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மழையில் மண் கரையும்போது அதுவும் சேர்ந்து வாவிக்கு இறங்கும். நகரத்துக் கழிவுநீரும் கூடவே. பிறகு நானுஓயா வழியே கொத்மலைக்கு. 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி படர்ந்ததை மறந்துட்டோமா?

விவசாயியைத் திட்டுறது சுலபம். கடனுக்கு விதைக்கிழங்கு வாங்கி நடுறவர், விளைச்சல் தவறிடுமோ என்ற பயத்தில்தான் உரத்தை ஒரு கை கூடப் போடுறார். 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்தும் பார்த்தாச்சு. அதே ஆண்டு நவம்பரில் கைவிட்டாங்க. தடை வழியல்ல, அளவுதான் வழி.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு போகத்துக்கும் முன் இலவச மண் பரிசோதனை, கான் ஓரங்களில் மண்ணைப் பிடிக்கும் புல்வரிசை, கழிவுநீருக்குச் சுத்திகரிப்பு. தூர்வாரிப் படகு விட்டால் படம் அழகா வரும். தீனியை நிறுத்தாமல் தொட்டியைக் கழுவி என்ன பயன்?