எந்த வாற்று?

எமது மன்றம் அங்கத்தவர் சந்தாப் பணத்திற் கொள்வனவு செய்த ஒலி விரியலாக்கியின் (அம்பிளிபயர் என்றே யாவரும் அழைப்பர்) முகப்பில் ‘1000 வாற்று’ எனப் பொறிக்கப்பட்டிருந்தது. நாடகத்தின் இரண்டாங் காட்சியிலே பின்வரிசையினர் ஒன்றுங் கேட்கவில்லையெனக் கூச்சலிட்டனர். பின்புறத் தகட்டை அதன் பின்னரே நோக்கினோம். அக்கருவி மின்வழங்கலிலிருந்து பெறுவது 120 வாற்று என்றிருந்தது. பெறுவது 120, தருவது 1000!

விஞ்ஞானபீட நண்பரொருவர் அதனை அளந்து காட்டினார். ஒலிபெருக்கியை அகற்றி, அதனிடத்தில் 8 ஓம் தடையொன்றை இணைத்து, சைன் அலையைச் செலுத்தி, அலையின் முடி தட்டையாகத் தொடங்குமுன் தடைக்குக் குறுக்கேயுள்ள வோல்ற்றளவை எடுத்தார். இடைவர்க்கமூலப் பெறுமானம் 16 வோல்ற்று. அதன் வர்க்கமாகிய 256ஐ 8ஆற் பிரிக்க, 32 வாற்று. உச்ச வோல்ற்றளவைக் கொண்டு கணித்தால் அது 64 ஆகும். இடம், வலம் ஆகிய இருவழிகளையுங் கூட்டினால் 128. கருவியில் ஓர் ஆணிதானும் மாறவில்லை. எண் மாத்திரம் நான்கு மடங்காயிற்று. 128இலிருந்து 1000இற்கு ஏற்றிச்சென்ற கணிதம் யாதென்பதை விற்றவரே அறிவார்.

இசை தொடர்ச்சியான சைன் அலையன்று, தவிலின் ஓரடி கணப்பொழுதே நிற்பது, ஆதலின் குறுங்கால வலுவே மெய்யான வலு என வாதிடுவோர் உளர். இவ்வாதத்தில் உண்மையில்லாமலில்லை. கொள்ளளவிகளிற் சேமிக்கப்பட்ட சக்தி கணநேரத்துக்கு மிகுதியான வலுவைத் தரவல்லது. அவ்வாறாயின் எத்தனை மில்லிசெக்கனுக்கு, எத்தடையில், எவ்வளவு திரிபுடன் என்பதையும் பொறிக்கட்டுமே! அதனை மறைப்பவர் தவிலைச் சாட்சிக்கு அழைப்பது நகைப்புக்குரியது.

ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய விளம்பரங்கள் பெருகியமையாலேயே கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 1974இல் விதியொன்றை இயற்றிற்று. வாற்றைக் கூறுவோர் தடை, மீடிறன் வீச்சு, திரிபு ஆகியவற்றையும் உடன்கூற வேண்டும். அளக்குமுன் மூன்றிலொரு பங்கு வலுவில் ஒரு மணிநேரம் கருவியை இயக்கவும் வேண்டும். கருவி மிகையாகச் சூடேறுகின்றதென உற்பத்தியாளர் முறையிட, இவ்வியக்க நிபந்தனை பின்னர் தளர்த்தப்பட்டது. 2024இலே விதியை மீண்டுந் திருத்தி, 8 ஓம் தடை, 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையான வீச்சு, 1 சதவீதத்துக்குக் குறைந்த திரிபு என வரையறுக்க வேண்டியதாயிற்று. ஐம்பதாண்டு கழிந்தும் வணிகர் தாமாகத் திருந்தவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கலைப்பீடத்தாருக்கு இதில் என்ன வேலை என வினவுவோருக்கு ஒன்று கூறுவேன். சொல்லின் பொருளை ஆராய்வதே எமது தொழிலெனின், ‘வாற்று’ என்னுஞ் சொல் கடைத்தெருவிற் பொருளிழந்து திரிவதைக் கேட்பதும் எமது தொழிலே. மெய்யான வலுவை இருமடங்காக்கினாலும் ஒலிமட்டம் 3 டெசிபெல்லே உயரும். எண்ணை மாத்திரம் பெருக்கினால் அதுவும் உயராது. அடுத்த கலைவிழாவுக்குக் கோரப்படும் விலைமனுவிலே தடை, மீடிறன் வீச்சு, திரிபு ஆகிய மூன்றும் எழுத்தில் இல்லாவிடின், மன்றப் பொருளாளர் காசோலையில் ஒப்பமிடலாகாது.