விரல் குத்தாத சர்க்கரைப் பரிசோதனை: கண்ணாடி மணியும் கைக்கடிகாரமும்

சர்க்கரை நோய்ப் புறநோயாளர் பிரிவில் எங்களிடம் அடிக்கடி எழுப்பப்படும் கேள்வி இது: “டாக்டர், விரலைக் குத்தாமலே லேசரால் சர்க்கரை பார்க்கலாமாமே?” நாள்தோறும் நான்கு முறை விரலைக் குத்திக்கொள்பவர் கேட்கும்போது, அதை வீண் ஆசை என்று ஒதுக்க எங்களுக்கு மனம் வருவதில்லை.

அந்த ஆசைக்கு அடிப்படையும் உண்டு. இயற்பியல் ஆய்வகங்களில் தலைமுடியின் பருமனையொத்த கண்ணாடி மணிகளைக் கொண்டே லேசர்கள் உருவாக்கப்படுகின்றன. அவை இயங்கும் விதத்திற்கு லண்டன் தூய பவுல் பேராலயத்தின் குவிமாடம் நல்ல உவமை. அங்கே சுவரோரம் முணுமுணுத்தால், ஒலி வளைந்த சுவரைப் பற்றிச் சென்று எதிர்ப்புறத்தில் கேட்கும். திருச்சியில் பிறந்த சி. வி. இராமனும் 1921இல் லண்டன் சென்றபோது அதனை ஆராய்ந்தார். மணிக்குள் ஒளியும் அவ்வாறே உள்விளிம்பை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வருகிறது. மணியைத் தொடும் பொருள் சிறிது மாறினாலும் அச்சுற்றொளி மாறிவிடும். நடு அகச்சிவப்பு ஒளியைச் சாதாரணக் கண்ணாடி விழுங்கிவிடுவதால், 1970களில் பிரான்சில் கண்டறியப்பட்ட ஃப்ளோரைடு கண்ணாடியில் எர்பியம் கலந்து, ஏறத்தாழ 2.7 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரச் செய்கிறார்கள். மூலக்கூறுகள் தத்தம் அடையாளத்தைத் தெளிவாகக் காட்டுவது நடு அகச்சிவப்பில்தான்.

ஆயினும் நம் உடலில் பெரும்பகுதி நீர். 3 மைக்ரோமீட்டரை அண்டிய ஒளியை நீர் மிகக் கடுமையாக உறிஞ்சுகிறது. எர்பியம் லேசர் தோலின் மேற்பரப்பை மட்டும் மெல்லச் சீவ உதவுவது இதனால்தான். சர்க்கரையை அளக்க முனையும்போது அதே குணம் தடையாகிறது. குளுக்கோசின் தெளிவான அடையாளம் 9 முதல் 10 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் இருக்கிறது. அங்கும் நீர் வழிவிடுவதில்லை. ஒளி மேல்தோலைத் தாண்டிக் குருதியை எட்டுமுன் அடங்கிவிடுகிறது.

ஆய்வாளர்கள் இத்தடையை மறைப்பதில்லை, மறைப்பவை விளம்பரங்களே. தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரம், மோதிரம் எதற்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. சில மாதங்களுக்கு முன் எங்களிடம் ஒரு தாயாரை அழைத்து வந்தனர். மகன் அன்போடு வாங்கித் தந்த கடிகாரம் 240 என்று காட்ட, அதை நம்பி இன்சுலின் கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்தார். வியர்த்து, பேச்சுக் குழறிய நிலையில் எங்கள் குளுக்கோமீட்டர் காட்டியது 48. அவர் பிழைத்தது அண்டை வீட்டார் விரைந்து செயல்பட்டதால்.

குத்தும் வலியைக் குறைக்க இன்றே வழியுண்டு: விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், விரல்களை மாற்றிக்கொள்ளுங்கள். தோலடியில் மெல்லிய இழை செருகித் தொடர்ந்து அளக்கும் கருவிகளும் உள்ளன. அவை உங்களுக்குப் பொருந்துமா என்று எங்களிடம் கேளுங்கள்.

கடிகாரம் வாங்கிவிட்டவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அடுத்த முறை வரும்போது அதையும் குளுக்கோமீட்டரையும் சேர்த்தே எடுத்து வாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் உங்கள் முன்னே ஒப்பிட்டுக் காட்டுகிறோம்.