‘சின்னப் பிள்ளைக்கு என்ன புரியும்?’ - திரையரங்கு வாசலில் நாம் இறக்கி வைக்கும் அமானிதம்

2025 ஆகஸ்ட் 14 அன்று ரஜினிகாந்த் நடித்த ‘கூலி’ திரைப்படம் வெளியானது. வன்முறை மிகுந்திருப்பதால் தணிக்கை வாரியம் அதற்கு ‘ஏ’ சான்றிதழ் அளித்திருந்தது. 18 வயது நிறைந்தவர்கள் மட்டுமே பார்க்கலாம் என்பது அதன் பொருள். தயாரிப்பு நிறுவனமான சன் பிக்சர்ஸ் இதை ஏற்காமல், ‘யு/ஏ’ சான்றிதழ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. அந்த மாத இறுதியில் நீதிமன்றம் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது.

ஒரு நிறுவனம் தன் வசூலுக்காக வழக்காடுவதில் வியப்பில்லை. அந்த நாட்களில் நம் ஊர்களில் கேட்ட பேச்சுதான் நம்மை யோசிக்க வைக்கிறது. “பிள்ளைகளை விட மாட்டாங்களாமே, இது என்ன அநியாயம்!” என்று வருந்திய பெற்றோர்களில் நம் சமுதாயத்தவரும் இருந்தார்கள். ஒரு படத்தில் என்ன இருப்பதால் அதற்கு ‘ஏ’ கொடுத்தார்கள் என்று கேட்டவர்களைவிட, எந்தத் தியேட்டரில் கண்டுகொள்ளாமல் உள்ளே விடுவார்கள் என்று விசாரித்தவர்களே அதிகம்.

சினிமா பார்ப்பது கூடுமா, கூடாதா என்ற விவாதத்தை இங்கே நாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆலிம்கள் அதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். படமே பார்க்காத குடும்பங்களும் நம்மில் உண்டு; பெருநாள் மாலையில் தவறாமல் தியேட்டருக்குப் போகும் குடும்பங்களும் உண்டு. நம் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பெரியவர்களுக்கென்று எடுக்கப்பட்ட படத்துக்கு நான்கு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகலாமா?

சான்றிதழ் யாரிடம் பேசுகிறது?

1952-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி படங்களுக்குச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. நெடுங்காலம் ‘யு’, ‘ஏ’ என்ற இரண்டு பிரிவுகளே இருந்தன. 1983-இல் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டிய ‘யு/ஏ’ வந்தது. 2023-இல் சட்டம் திருத்தப்பட்டு, அந்த ‘யு/ஏ’ வயதுவாரியாக 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டது.

இந்தத் திருத்தத்தில் பலர் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. ‘ஏ’ படத்துக்குச் சிறுவர்களை அனுமதித்தால் அது திரையரங்கின் குற்றம். ஆனால் 7+, 13+, 16+ என்ற குறிப்புகளை நடைமுறைப்படுத்தும் பொறுப்பைச் சட்டம் திரையரங்கிடம் தரவில்லை. பெற்றோரிடமும் பாதுகாவலரிடமும் மட்டுமே தந்திருக்கிறது. 16+ படத்துக்கு நீங்கள் ஐந்து வயது மகளை அழைத்துச் சென்றால் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் தடுக்க மாட்டார். தடுக்க வேண்டியவர் நீங்கள்தான். “தியேட்டர்காரனே விட்டுட்டான், அப்புறம் என்ன?” என்று சொல்லும்போது, நம் கையில் இருக்கும் சாவியை வாசலில் நிற்பவரிடம் தேடுகிறோம்.

‘யு/ஏ’ என்று போட்டிருந்தால் அது குடும்பப் படம் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. 2023-இல் வந்த ‘ஜெயிலர்’ யு/ஏ படம்தான். அதில் தலையைத் துண்டிக்கும் காட்சி உண்டு. விடுமுறைக் காட்சிகளில் அதை எத்தனை குழந்தைகள் பார்த்தார்கள் என்பது அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

தணிக்கையின் நியாயத்தை நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் 1970-லேயே அலசியிருக்கிறது. இயக்குநர் குவாஜா அஹ்மத் அப்பாஸ் எடுத்த ஓர் ஆவணப்படத்துக்கு ‘ஏ’ சான்றிதழ்தான் தர முடியும் என்று சொல்லப்பட்டதை எதிர்த்து அவர் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி முஹம்மது ஹிதாயத்துல்லாஹ். மற்ற எந்தக் கலையையும்விட சினிமா உணர்ச்சிகளை ஆழமாகக் கிளறக்கூடியது, பக்குவம் வராத சிறுவர்கள் திரையில் காண்பதைப் பெரியவர்களைவிட எளிதில் நம்பிவிடுவார்கள், ஆகவே வயது பார்த்துப் பிரிப்பது முறையே என்பது அத்தீர்ப்பின் சாரம். படைப்புச் சுதந்திரத்துக்காகப் போராடியவரும் முஸ்லிம், குழந்தைகளுக்கு வேலி வேண்டும் என்று தீர்ப்பளித்தவரும் முஸ்லிம். பெரியவர்களின் சுதந்திரமும் குழந்தைகளின் பாதுகாப்பும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை என்பதை அந்த வழக்கிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

புரியாதுதான், ஆனால் பதியும்

“அதுக்கு என்ன புரியப் போகுது? பாதிப் படத்துல தூங்கிரும்” என்பதுதான் நாம் அதிகம் கேட்கும் சமாதானம். இதில் பாதி உண்மை. கதை அதற்குப் புரியாதுதான். வில்லன் ஏன் வெட்டுகிறான், கதாநாயகன் ஏன் பழிவாங்குகிறான் என்ற காரணமெல்லாம் பிள்ளைக்கு எட்டாது. ஆனால் வெட்டியது தெரியும், இரத்தம் தெரியும், அலறல் கேட்கும். காரணம் தெரிந்த நமக்கு அது கதையின் ஒரு பகுதி. காரணம் தெரியாத பிள்ளைக்கு அந்தக் காட்சி மட்டுமே மிஞ்சுகிறது. அந்த வகையில் நம்மைவிட அதற்குத்தான் பாரம் அதிகம்.

1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பந்துராவும் அவருடைய குழுவினரும் 96 பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பெரியவர் பொம்மையை அடித்து உதைப்பதைச் சில குழந்தைகள் நேரில் பார்த்தார்கள், சிலர் திரையில் பார்த்தார்கள். திரையில் பார்த்த குழந்தைகளும் அதைத் தத்ரூபமாகச் செய்து காட்டினார்கள். அந்தப் படத்தில் கதை எதுவும் இல்லை. கை ஓங்கிய காட்சி மட்டும்தான் இருந்தது.

அச்சத்தின் கதையும் இதுதான். 1999-இல் ஹாரிசன், கேன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 150-க்கும் மேற்பட்டோரிடம், சிறுவயதில் படத்திலோ தொலைக்காட்சியிலோ பார்த்து நெடுநாள் பயந்த அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். சுமார் 90 சதவீதம் பேர் உண்டு என்றார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, கல்லூரி வயதிலும் அந்த அச்சத்தின் மிச்சம் இருந்தது. பெற்றோர் மறந்துவிட்ட ஒரு மாலைப் பொழுதைப் பிள்ளை பல ஆண்டுகள் சுமக்கிறது.

கேன்டரின் ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. பாலர் பருவத்தில் உள்ள குழந்தையிடம் “இது நிஜமில்லடா, சும்மா நடிக்கிறாங்க” என்று சொல்வது பெரிதாக உதவாது. அந்த வயதில் கண்ணுக்குத் தெரிவதுதான் உண்மை. அணைத்துக்கொள்வது, காட்சியை விட்டு அப்புறப்படுத்துவது ஆகியவையே பயன் தரும். கண்ணைப் பொத்துவது பாதித் தீர்வுதான். இருட்டு அரங்கின் பேரொலியில், பொத்திய விரல்களுக்குப் பின்னால் குழந்தையின் கற்பனை வேலை செய்துகொண்டே இருக்கும்.

மூன்று நேரங்களும் ஒரு பெருந்திரையும்

வன்முறையைப் பற்றியாவது நாம் பேசுகிறோம். ஆபாசக் காட்சிகளைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறோம். அல்லாஹ் அந்தக் கூச்சத்தை உடைத்து நேரடியாகவே வழிகாட்டியிருக்கிறான்.

சூரா அந்நூரின் 58-வது வசனம் ஒரு வீட்டின் உள்ளறையைப் பற்றிப் பேசுகிறது. ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நேரம், இஷாவுக்குப் பின் என்ற மூன்று நேரங்களில், இன்னும் பருவமடையாத பிள்ளைகள் கூட அனுமதி கேட்டே பெற்றோரின் அறைக்குள் வர வேண்டும் என்று அது கற்றுத் தருகிறது. பருவமடையாத பிள்ளை மீது மார்க்கக் கடமைகள் விதியாகவில்லை. ஆகவே இதைப் பழக்கிவிடும் பொறுப்பு பெற்றோருடையதாகிறது.

சிந்தித்துப் பாருங்கள். கணவன் மனைவியாக ஹலாலான வாழ்வு வாழும் தாய் தந்தையரின் தனிமையைக் கூடப் பிள்ளையின் கண் பார்த்துவிடக் கூடாது என்று மார்க்கம் கதவருகே திரை போடுகிறது. அதே பிள்ளையின் கையைப் பிடித்து, டிக்கெட் வாங்கி, அந்நிய ஆணும் பெண்ணும் நெருங்கும் காட்சியை நாற்பது அடித் திரையின் முன் உட்கார்த்தி நாமே காட்டுகிறோம். கூட இருப்பவர்கள் விசிலடிக்கிறார்கள், அத்தா சிரிக்கிறார், உம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இது ரசிக்கத்தக்கது, அதே சமயம் பேசக் கூடாதது என்ற குழப்பமான பாடத்தைப் பிள்ளை அங்கே படிக்கிறது.

வயதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்பது நம் ஃபிக்ஹு நூல்களுக்குப் புதிதல்ல. நல்லது கெட்டது பிரித்தறியத் தொடங்கும் ‘தம்யீஸ்’ பருவத்தைப் பெரும்பாலும் ஏழு வயதையொட்டி வைத்தார்கள். பருவத்தை நெருங்கும் பிள்ளையை ‘முராஹிக்’ என்றார்கள். அதன் பின் ‘பாலிக்’. ஏழு வயதில் தொழுகையை ஏவுங்கள், பத்து வயதில் படுக்கையைப் பிரியுங்கள் என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலும் இந்தப் படிநிலையைத்தான் உணர்த்துகிறது. 7+, 13+, 16+ என்று சட்டம் இப்போது போட்டிருக்கும் கோடுகளைப் பார்த்து மற்றவர்கள் முணுமுணுக்கலாம். மத்ஹபுகளின் பாடம் படித்த சமுதாயத்துக்கு அதன் நியாயம் உடனே விளங்க வேண்டும்.

நள்ளிரவுக் காட்சிகள்

2024 டிசம்பர் 4 இரவு, ஹைதராபாத் சந்தியா திரையரங்கில் ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சியின்போது ஏற்பட்ட நெரிசலில் ஒரு தாய் உயிரிழந்தார். அவருடைய சிறுவயது மகன் மூச்சுத் திணறி, மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தான். பிள்ளையின் ஆசைக்காக வந்த அந்தக் குடும்பத்தைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. ஆனால் அதன் பிறகு நடந்ததை நாம் அறிந்திருக்க வேண்டும். 2025 ஜனவரியில் தெலங்கானா உயர் நீதிமன்றம், காலை 11 மணிக்கு முன்பும் இரவு 11 மணிக்குப் பின்பும் 16 வயதுக்குட்பட்டவர்களைத் திரையரங்கில் அனுமதிப்பதைக் கட்டுப்படுத்தச் சொன்னது. திரையரங்குத் தரப்பின் கோரிக்கைக்குப் பின் சில வாரங்களிலேயே அந்த இடைக்கால உத்தரவு தளர்த்தப்பட்டது. நீதிமன்றம் போடும் வேலி இப்படித்தான் வரும், போகும். வீட்டில் போடும் வேலியை யாரும் தளர்த்த முடியாது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, டிக்கெட் எடுக்குமுன் சான்றிதழைப் பாருங்கள். முன்பதிவுப் பக்கத்திலேயே அது இருக்கும். ‘ஏ’ என்றால் பிள்ளையோடு போகும் பேச்சே வேண்டாம். யு/ஏ என்றால் பக்கத்தில் உள்ள எண்ணையும் பாருங்கள்.

இரண்டாவது, “யாரிடம் விட்டுட்டுப் போறது?” என்ற கேள்வி நியாயமானது. தனிக்குடித்தனங்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அப்படியானால் அந்தப் படத்தைத் தவிர்த்துவிடுவதே எளிய பதில். ஒரு படத்தைப் பார்க்காததால் யாருக்கும் எந்த இழப்பும் வந்ததில்லை.

மூன்றாவது, தியேட்டரில் கட்டுப்பாடு காத்துவிட்டு வீட்டில் கோட்டைவிடாதீர்கள். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி தளங்களும் வயதுப் பிரிவைக் காட்ட வேண்டும். 13+ முதல் மேலுள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும். வசதி இருக்கிறது, நாம்தான் போடுவதில்லை. குழந்தைக்குத் தனிக் கணக்கு, பெரியவர்கள் கணக்குக்கு ரகசிய எண் ஆகியவற்றை இன்று இரவே அமைத்துவிடலாம்.

நான்காவது, ஏற்கனவே பார்த்துப் பயந்திருந்தால் பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். “ஆம்பளப் பிள்ளை பயப்படலாமா?” என்ற சொல் அதன் வாயை அடைத்துவிடும். பக்கத்தில் படுக்க வைத்து, பேச விட்டு, தூங்கும்போது ஓதும் துஆக்களைச் சேர்ந்து ஓதுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பெருநாள் மாலையில் பிள்ளைகளுக்குப் போக்கிடம் இல்லாததால்தான் தியேட்டர் நினைவுக்கு வருகிறது. மதரஸா மைதானத்தில் ஒரு விளையாட்டுப் போட்டி வையுங்கள், கடற்கரைக்கோ பூங்காவுக்கோ மஹல்லாக் குடும்பங்கள் சேர்ந்து செல்ல ஏற்பாடு செய்யுங்கள். கூடாது என்று சொல்லும் மிம்பர், எங்கே போகலாம் என்றும் காட்ட வேண்டும்.

நாம் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த விசாரணையில் “தியேட்டரில் விட்டார்கள்” என்பது பதிலாகாது. நம் பிள்ளைகளின் கண்களையும் உள்ளங்களையும் காக்கும் தவ்ஃபீக்கை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.