ஒட்டன்சத்திரத்தைப் பார்த்து முருங்கை நடலாமா?

கேள்வி: மூன்று ஏக்கர் செம்மண் நிலம். கோடையில் கிணற்று மோட்டார் அரை மணி நேரம்தான் ஓடுகிறது. நகையை அடகு வைத்து, ஒட்டன்சத்திரம் பக்கம் போல முழுவதும் செடிமுருங்கை போடலாம் என்கிறான் மகன். செய்யலாமா?
- வாசகர், வேடசந்தூர்

பதில்: நகையை அடகு வைக்க அவசரப்படாதீர்கள். திண்டுக்கல் ஒரே மாவட்டம்தான். ஆனால், கொடைக்கானல் மலையில் கேரட், நிலக்கோட்டையில் மல்லிகை, நத்தத்தில் மா என வட்டாரத்துக்கு வட்டாரம் வெள்ளாமை மாறுகிறது. மண்ணும் தண்ணீரும் அப்படி.

முருங்கை வறட்சி தாங்கும். ஆனால், பூக்கும், காய்க்கும் பருவத்தில் தண்ணீர் இல்லையென்றால் மகசூல் குறையும். எல்லோர் காயும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்து விலை சரிந்தால், மூன்று ஏக்கரும் சேர்ந்து அடி வாங்கும்.

மகன் சொல்வதை அரை ஏக்கரில் செய்து பாருங்கள். பி.கே.எம்-1 ரகத்தை 2.5 மீட்டர் இடைவெளியில் விதைத்தால் சுமார் 320 செடிகள் வரும். ஆறாம் மாதத்தில் காய் பறிக்கலாம். சொட்டுநீர் அமைக்க, சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகித மானியம் உண்டு. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

மீதி நிலத்தில் ஆடிப்பட்டத்துக்கு ஆறு வரிசை நிலக்கடலை, ஒரு வரிசை துவரை என மானாவாரியாக விதையுங்கள். ஒரு பகுதியில் மாட்டுக்குச் சோளம். ஒன்று ஏமாற்றினாலும் இன்னொன்று கைகொடுக்கும். ஓராண்டு வரவு, செலவை மகனையே எழுதச் சொல்லுங்கள். அதைப் பார்த்து அடுத்த அரை ஏக்கரை முடிவு செய்யலாம்.