போனைக் கவுத்து வைக்கிற பையன்

ஏனுங்க, உங்களைத்தான். கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிட்டு, ஒண்ணாம் தேதியானால் போன் போட்டு "சம்பளம் வந்துருச்சா கண்ணு?" என்று கேட்கிற அப்பா அம்மாக்களைத்தான் சொல்கிறேன். அந்தக் கேள்வியை நானும் மாதம் தவறாமல் கேட்டவள். "செலவுக்குப் போதுதா சாமி?" என்று ஒரு மாதம்கூடக் கேட்கவில்லை.

2023 ஆடிப் பதினெட்டுக்கு மகன் பவானிக்கு வந்திருந்தான். ஊரே கூடுதுறையில் குளித்துக்கொண்டிருந்தது, இவன் கட்டிலை விட்டு எழவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டுக்குப் பக்கத்தில் போனைக் கவுத்து வைத்தான். அது கர்ர் கர்ரென்று தரையில் நகர்ந்துகொண்டே இருந்தது. நான் ரசம் ஊற்றுவதற்குள் ஏழு முறை. "யாரு கண்ணு?" என்றேன். "ஆபீஸும்மா" என்றான். லீவு போட்டுவிட்டு வந்தவனை ஆபீஸ் ஏழு முறை கூப்பிடுமா? எனக்குத் தோன்றியது. ஆனால் கேட்கவில்லை. பதில் என்னவாக இருக்குமோ என்கிற பயம்.

பத்து நாள் கழித்து, காலையில் ஆறரை மணிக்கு எனக்கே போன் வந்தது. யாரோ ஓர் ஆள் அவன் பேரைச் சொல்லி, திருடன் என்றான், நாக்கில் வைக்கக் கூடாத வார்த்தையெல்லாம் சொன்னான். அரை மணி நேரத்தில் பெருந்துறையில் இருக்கிற என் நங்கையாளுக்கும், அதாவது நாத்தனாருக்கும், அவனுக்குப் பத்தாவதில் பாடம் நடத்திய வாத்தியாருக்கும் அதே போன். அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்கு அவன் கூட்டாளிதான் பைக்கில் வைத்து அவனைக் கூட்டி வந்தான். சாயங்காலமே பஸ் இறங்கியவன், வீட்டுக்கு வர மனசில்லாமல் ஆற்றோரத்தில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறான்.

"உங்களுக்குத் தெரியறதுக்குள்ள அடைச்சிரலாம்னு பார்த்தேம்மா."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் கடன் 22,000 ரூபாயிலிருந்து 1,86,000 ஆனது. நமக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மற்றொன்று. நம்மிடம் சொல்வதைவிட முகம் தெரியாத ஒருத்தனிடம் கை நீட்டுவது சுலபம் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி நினைக்கும்படி வளர்த்தது யாருங்க?

முதல் 22,000 எதற்கு என்று கேளுங்கள். என் பெரிய மகளின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர். "ஒரம்பரை முன்னாடி கொறைச்சலா இருக்கக் கூடாது கண்ணு, அரைப் பவுனாச்சும் போட்டிரு" என்று சொன்னது நான். 19,000 சம்பளத்தில் ஹாஸ்டல் வாடகையும் பைக் டியூவும் போக மிச்சம் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை. அவன் கிரெடிட் கார்டைத் தேய்த்துக் காசு வாங்கி வந்தான். நான் சபையில் தலை நிமிர்ந்து நின்றேன்.

கார்டில் 'மினிமம் டியூ' மட்டும் கட்டினால் மாதத்துக்கு மூன்று, மூன்றரை சதவீதம் வட்டி ஏறும். அதை அடைக்கப் போய்த்தான் கடன் ஆப்பில் விழுந்தான். 5,000 என்று போடுவார்கள், செயலாக்கக் கட்டணம் என்று பிடித்துக்கொண்டு 3,200 அனுப்புவார்கள். ஏழாம் நாள் 5,000 திருப்பிக் கட்ட வேண்டும். 3,200 ரூபாய்க்கு ஒரே வாரத்தில் 1,800. நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் என்பதைத்தான் நம் ஊரில் கந்துவட்டி என்று சபித்தோம். அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தது. அந்தப் பத்து வட்டிக்காரன்கூட இந்த 3,200-க்கு மாதம் 320-தான் வாங்கியிருப்பான். 2021-ல் ரிசர்வ் வங்கியின் குழு ஒன்று எண்ணிப் பார்த்தபோது ஏறக்குறைய 1,100 கடன் ஆப்கள் இருந்தன. அதில் 600 சட்டவிரோதமானவை.

அந்த ராத்திரி இதையெல்லாம் கேட்டதும் எங்கள் வீட்டுக்காரர் கையை ஓங்கினார். நடுவில் வந்து நின்றது என் மாமியார். எண்பது வயசு, ஜமுக்காளத் தறிக்குழியில் காலம் தள்ளிய உடம்பு. "உங்கொப்பன் தறி முதலாளிகிட்ட வாங்கின முன்பணம் தெருவுக்கே தெரியும்டா. எவனும் அவரை அடிக்கல. உக்காந்து கணக்குப் பாரு" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்தில் கடன் இருந்தது, கொடுமையும் இருந்தது, பிள்ளைகளைத் தறிப்பட்டறைக்கு அனுப்பிக் கழித்த குடும்பங்களும் உண்டு. ஆனால் கடன் என்ற சொல் வீட்டுக்குள் பேசக் கூடாத சொல்லாக இருக்கவில்லை. அதை வாயைப் பொத்தி மறைக்கக் கற்றுக்கொண்டது நம் தலைமுறை.

கடன் முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். காவிரியோடு கொஞ்சம் கீழே இறங்கினால் பள்ளிபாளையம். கடனைக் கட்ட விசைத்தறித் தொழிலாளிகள் கிட்னியை விற்ற சங்கதி 2025 ஜூலையில் ஊர் உலகமெல்லாம் பேசப்பட்டது.

பெரியவள் கல்யாணத்து மொய் நோட்டை எடுத்தேன். யார் ஐந்நூறு வைத்தார், யார் ஆயிரத்தொன்று வைத்தார் என்று ஒரு ரூபாய் விடாமல் எழுதி வைத்திருக்கிறோம். திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கில் நாம் அவ்வளவு கறார். அதே நோட்டின் கடைசியில் காலியாக இருந்த பக்கத்தில், மகனை அவன் கையாலேயே எழுதச் சொன்னேன். எந்த ஆப், எவ்வளவு கைக்கு வந்தது, எவ்வளவு கட்டியாயிற்று, எவ்வளவு கேட்கிறார்கள். ஆறு ஆப்பும் ஒரு கார்டும். எழுதி முடிக்க விடிந்துவிட்டது. எழுதும்போது கை நடுங்கியது. முடித்துவிட்டு அங்கேயே சுருண்டு தூங்கினான். சரியாகத் தூங்கி மூன்று மாதம் ஆயிற்று என்று பிற்பாடு சொன்னான்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனத்தின் பேர் இருக்கிறதா என்று பார்த்தோம். இரண்டுக்குத்தான் இருந்தது. மற்ற நான்கின் மிரட்டல் செய்திகளைப் படம் பிடித்து, 1930-க்கு அழைத்து, ஈரோடு சைபர் கிரைம் போலீஸில் எழுதிக் கொடுத்தோம். கடன் ஆப் நம் போனில் இருக்கிற நம்பர்களையும் போட்டோக்களையும் தொடக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. வசூல் ஆட்கள் காலை எட்டு மணிக்கு முன்னும் ராத்திரி ஏழுக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பதும் விதிதான். எனக்கு ஆறரைக்குப் போன் வந்தபோது இது ஒன்றும் தெரியாமல் நடுங்கிக்கொண்டு நின்றேன். அப்போது எங்களுக்கு இல்லாத இன்னொன்று இப்போது உங்களுக்கு இருக்கிறது. வலுக்கட்டாயமாகக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டுக்கென்றே தனிச் சட்டம் வந்துவிட்டது, மூன்று வருஷம் வரை ஜெயில் உண்டு.

என் செயினைக் கூட்டுறவு வங்கியில் வைத்துக் கார்டையும் பதிவான அந்த இரண்டு ஆப்பையும் முழுதாக அடைத்தோம். பாதியில் பேசி முடித்தால் சிபில் கணக்கில் 'செட்டில்' என்று விழும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். அதனால் முழுதாகக் கட்டி, பாக்கி இல்லை என்று எழுதி வாங்கினோம். செயினை மீட்க வேண்டியது அவன் பொறுப்பு. மாதம் ஏழாயிரம், இருபத்திரண்டு மாதம் கட்டினான்.

இந்த இடத்தில் இன்னொரு ரகப் பெற்றோரையும் திட்டியாக வேண்டும். அடிக்க மாட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டை அடமானம் வைத்து முழுக் கடனையும் அடைத்துவிட்டு, "வெளிய மூச்சு விட்டராதே" என்பார்கள். அன்பு என்று நினைக்கிறீர்கள். பையனுக்கு அது அடிப்பதைவிடப் பெரிய தண்டனை. தன்னால் குடும்பம் போயிற்று என்று உள்ளுக்குள் கருகுவான், ஆறு மாதத்தில் அதே ஆப் அவன் போனில் மறுபடி ஏறியிருக்கும். அவன் சம்பாத்தியத்தில், அவன் கையால் கட்டட்டும். பக்கத்தில் இருங்கள், அது போதும்.

பணத்தை மட்டும் பார்க்காதீர்கள். என் மகன் எட்டுக் கிலோ இளைத்திருந்தான், கல்யாணம் காட்சிக்கு வருவதை நிறுத்தியிருந்தான். நான் அதைக் "கொழுப்பு" என்று பேசினேன். கடன் பாதி அடைந்த பிறகும் போன் அடித்தால் அவன் தோள் தூக்கிப்போடும். 14416 என்று ஒரு நம்பர், டெலி மானஸ், மனசு சரியில்லாதவர்கள் காசில்லாமல் எந்நேரமும் பேசலாம். அதில் பேச ஆரம்பித்து, பிறகு ஈரோட்டில் ஒரு டாக்டரிடம் நான்கு முறை போனான். இரண்டு முறை நானும் கூடப் போனேன். இதைப் போய் எழுதலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். மகன்தான் எழுதச் சொன்னான்.

வருகிற ஐப்பசியில் நங்கையாள் பேரனுக்குக் காதுகுத்து. முறை செய்ய வேண்டியது நாங்கள்தான். போன வாரம் மகனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இரண்டு கிராம் என்று முடிவு. நங்கையாளுக்குப் போன் போட்டு நானே சொன்னேன், "எங்களால இவ்வளவுதானுங்க முடியும்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எங்க வீட்டுலயும் ஒரு நோட்டு போடணுமுங்க நங்கை, நம்ம சின்னவன் போனைக் கவுத்து வைக்கிறான்" என்றாள்.